ரூட்டு முதல்ல, வண்டி அப்புறம்: ரிட்டயர் ஆன ஜோடிக்கு மோட்டார் ஹோம்ல ராக்கி மலைப் பயணம், முழு வழிகாட்டி

நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு தடவ வாடகை மோட்டார் ஹோம் (உள்ளயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் இருக்கிற வண்டி) எடுத்துக்கிட்டு அமெரிக்கால கொலராடோ டென்வர்ல கிளம்பி யூட்டா, ஐடஹோ, வயோமிங்னு சுத்தி திரும்ப டென்வர் வந்திருக்கோம். அவருக்கு 67, எனக்கு 64. எங்களைப் பாத்து கிளம்பின நாலஞ்சு ஜோடிக்கு போன்லயே வழி சொல்லி, அவங்க எங்கெங்க மாட்டுனாங்கன்னும் கேட்டுக்கிட்டேன். ஏறக்குறைய எல்லாரும் மாட்டுறது ஒரே இடத்துல, செய்யுற வேலைய வரிசை மாத்தி செய்யுறதுல. அதனால இதை வரிசையா படிங்க, நடுவுல தாவாதீங்க.

1. தேதி: கூட்டத்துக்கும் பனிக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு

மலை ரோடு பல இடத்துல மே கடைசியிலதான் திறக்கும், அக்டோபர்ல மூடிடும். ராக்கி மவுண்டன் பார்க்ல 12,183 அடி ஏறுற டிரெயில் ரிட்ஜ் ரோடும் அப்படித்தான், யெல்லோஸ்டோன் பக்கத்துல இருக்கிற பேர்டூத் ஹைவேயும் அப்படித்தான். ஜூலை, ஆகஸ்ட்ல ரோடு திறந்திருக்கும், ஆனா ஊரே அங்கதான் இருக்கும், போதாததுக்கு கொலராடோ மலைல மதியானம் ஆச்சுன்னா இடி மின்னல் வேற.

நமக்குத்தான் ஸ்கூல் லீவுக்கு காத்திருக்கிற வேலை இல்லையே. ஆகஸ்ட் கடைசி வாரத்துல இருந்து செப்டம்பர் 20 வரைக்கும் போங்க, பேரப்பசங்க ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க, பார்க்கிங் கிடைக்கும். ஒண்ணு மட்டும், யெல்லோஸ்டோன்ல செப்டம்பர் ராத்திரி தண்ணி உறைஞ்சு போற குளிர் வரும், அதை பின்னாடி சொல்றேன்.

2. ரூட்டு: உங்க வண்டிய விடாத ரோடு எதுன்னு முதல்ல எழுதுங்க

எல்லாரும் முதல்ல வண்டி புக் பண்றாங்க, அதுவும் "வசதியா இருக்கட்டும்"னு 30 அடி. அப்புறம்தான் ரோட்ல போர்டு பாக்குறாங்க. நாங்களும் முதல் தடவ அதே 30 அடி வண்டிய வச்சுக்கிட்டு மொன்டானால கிளேசியர் பார்க் ரோட்ல ஏறலாம்னு பிளான் போட்டு, கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் விதியவே படிச்சோம்.

மலைல நீளம், அகலம், உயரம் மூணுக்கும் கணக்கு உண்டு. கிளேசியர்ல கோயிங் டு த சன் ரோட்ல அவலாஞ்ச் க்ரீக்ல இருந்து ரைசிங் சன் வரைக்கும் 21 அடிக்கு மேல நீளமோ, கண்ணாடியையும் சேத்து 8 அடிக்கு மேல அகலமோ இருந்தா விட மாட்டாங்க. வாடகைக்குக் கிடைக்கிற வண்டில பெரும்பாலும் எதுவுமே இதுல தேறாது, வண்டிய கேம்ப்ல நிறுத்திட்டு பஸ்லதான் போகணும். கொலராடோல 12,095 அடி உயர இன்டிபென்டன்ஸ் பாஸ்ங்கிற கணவாய்ல 35 அடிக்கு மேல தடை. யூட்டால சயன் பார்க்ல 1930ல திறந்த 1.1 மைல் சுரங்கப்பாதை, முன்னாடி பெர்மிட் வாங்கினா பெரிய வண்டிக்கு ஒத்தை வழியா விட்டுட்டு இருந்தாங்க, 2026 ஜூன்ல இருந்து பெரிய வண்டியே வேண்டாம்னு பார்க் முடிவு பண்ணிட்டாங்க, 11 அடி 4 அங்குலம் உயரத்தைத் தாண்டினா சுத்தித்தான் போகணும்.

தடை இல்லாட்டியும் போகக் கூடாத ரோடுன்னு சிலது இருக்கு. சில்வர்டனுக்கும் யூரேக்கும் நடுவுல போற 550ம் நம்பர் ரோடு, 11,018 அடி, பல இடத்துல ஓரத்துல தடுப்பே கிடையாது. சட்டப்படி போகலாம், ஆனா பக்கத்து சீட்ல உக்காந்து பள்ளத்தப் பாத்துக்கிட்டு வர்றது நான்தானே, அதனால எங்க வீட்ல அது தடை. ஐடஹோல இருந்து ஜாக்சன் போக போன் மேப்பு டீடன் பாஸ்தான் காட்டும், அது 10 சதவீதம் சரிவு. கிராண்ட் டீடன் பார்க்குள்ள மூஸ் வில்சன் ரோட்டையும் குறுக்கு வழின்னு காட்டும், அங்க மோட்டார் ஹோமே போகக் கூடாது. போன் மேப்புக்கு உங்க வண்டி உயரம் தெரியாது, அது உங்கள கார்லதான் நினைச்சுக்கிட்டு இருக்கும். வண்டி அளவு போட்டு வழி கேக்குற ஆர்வி (மோட்டார் ஹோமுக்கு இன்னொரு பேரு) ஜிபிஎஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க.

முதல் தடவ போறவங்களுக்கு நான் குடுக்கிற ரூட்டு இது: டென்வர்ல இருந்து ஐ-70 பிடிச்சு யூட்டால மோவாப், அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி, ஐடஹோ ஃபால்ஸ், வெஸ்ட் யெல்லோஸ்டோன், பார்க்குள்ள நாலு ராத்திரி, தெக்கால இறங்கி கிராண்ட் டீடன், அப்புறம் டோக்வோட்டி பாஸ் வழியா டூபாய், லாண்டர், ராலின்ஸ், லாரமி, டென்வர். சுத்துறதையும் சேத்து 1,600ல இருந்து 1,800 மைல் வரும். இதுல மேல சொன்ன வம்பு ரோடு ஒண்ணுகூட இல்ல. 16 நாள் வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல வேண்டாம், ஏன்னா மலைல அதுக்கே அஞ்சு மணி நேரம் ஆயிடும். டென்வர்ல இருந்து மோவாப் ஏறக்குறைய 350 மைல், நடுவுல ஒரு ராத்திரி தங்கியே போங்க.

3. கேம்ப் புக்கிங்: மண்டபம் கிடைச்சாத்தான் முகூர்த்தம்

நம்ம ஊர்ல கல்யாணம்னா மண்டபம் எந்தத் தேதிக்குக் கிடைக்குதுன்னுதான் முதல்ல பாப்போம், சமையல்காரர் பத்திரிகை எல்லாம் அதுக்கு அப்புறம். இங்கயும் அதே கதைதான். வண்டி எப்ப வேணா கிடைக்கும், யெல்லோஸ்டோனுக்குள்ள இடம் கிடைக்காது.

அங்க ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்லதான் கரண்டு, தண்ணி, கழிவு மூணு கனெக்‌ஷனும் இருக்கு. கரடி நடமாடுற இடம்னு கூடாரமோ துணிச் சுவர் கேம்பரோ விட மாட்டாங்க. இதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே புக்கிங் ஆரம்பிச்சிடும், அதை முதல்ல பிடிங்க. மத்த ஃபெடரல் கேம்ப்ல நிறைய ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல ஆறு மாசத்துக்கு முன்னாடி திறக்கும், யூட்டா ஸ்டேட் பார்க் நாலு மாசத்துக்கு முன்னாடி. யெல்லோஸ்டோன் தேதிய நடுவுல வச்சுக்கிட்டு முன்னும் பின்னும் மத்ததைக் கோத்துக்கிட்டே போங்க.

புக் பண்ணும்போது வண்டி நீளம் கேப்பாங்க, அதனால இந்த நேரத்துக்குள்ள 25 அடின்னு மனசுல முடிவு பண்ணியிருக்கணும். சைட்டுக்கு எழுதியிருக்கிற நீளத்தைப் பாருங்க, படத்தைப் பாத்து ஏமாறாதீங்க.

62 வயசு தாண்டின அமெரிக்க சிட்டிசனோ கிரீன் கார்டு இருக்கிறவங்களோ சீனியர் பாஸ் வாங்கிடுங்க, வருஷத்துக்குன்னா 20 டாலர், ஆயுளுக்கும்னா 80. வண்டில கூட வர்றவங்களுக்கும் சேத்து நுழைவுக் கட்டணம் கிடையாது, நிறைய ஃபெடரல் கேம்ப்ல பாதி வாடகை. ஊர்ல இருந்து விசிட்டர் விசால வந்திருக்கிற சம்பந்தி பேர்ல இதை வாங்க முடியாது, கேட்டுட்டாங்க, அதான் சொல்றேன்.

4. இப்ப வண்டி

டிரைவர் சீட்டுக்கு மேல ஒரு பரண் நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த கிளாஸ் சி வண்டில 24, 25 அடி எடுங்க. பஸ் மாதிரி இருக்கிற கிளாஸ் ஏ வேண்டாம். பின்னாடி தனிக் கார் இழுத்துட்டுப் போகாத வரைக்கும், பால் வாங்கக்கூட முழு வீட்டையும் ஓட்டிக்கிட்டுத்தான் போகணும், அப்ப அஞ்சு அடி குறைஞ்சா எவ்வளவு நிம்மதின்னு தெரியும்.

வாடகைக்கு எடுக்கும்போது எல்லாரும் எத்தனை பேர் படுக்கலாம்னு பாக்குறாங்க, நீங்க எப்படி எந்திரிக்கிறதுன்னு பாருங்க. ஒரு பக்கம் சுவத்தோட ஒட்டின கட்டில்னா, உள்பக்கம் படுத்தவங்க ராத்திரி ரெண்டு தடவ பாத்ரூம் போக இன்னொருத்தர் மேல ஏறி இறங்கணும். ரெண்டு பக்கமும் இறங்குற மாதிரி பின் கட்டில் இருக்கான்னு கேளுங்க. பரண் கட்டில் பெட்டி வைக்க மட்டும்தான், 60 வயசுக்கு மேல இருட்டுல ஏணி எதுக்கு.

வாடகைல நாள் கணக்கு தனி, மைல் கணக்கு தனி, ஜெனரேட்டர் மணிக்கணக்கு தனி. மூணையும் கேட்டு கூட்டிப் பாருங்க. ஒரு கேலனுக்கு 8, 9 மைல்தான் ஓடும்.

வண்டி வாங்குற அன்னைக்கு டயர் பக்கவாட்டுல DOTனு இங்கிலீஷ்ல எழுதியிருக்கிற இடத்துல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2322ன்னா 2022ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். மோட்டார் ஹோம் டயர் தேயுறதுக்கு முன்னாடி வயசாகிடும், நம்மள மாதிரிதான். ஆறேழு வருஷத்துப் பழசுன்னா வேற வண்டி கேளுங்க. உள்ள வெளிய, கூரை உட்பட, போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. ஒரு கம்பெனில நாங்க பண்ணாத கீறலுக்கு பணம் பிடிச்சாங்க, கூரைய வீடியோ எடுக்காதது எங்க தப்பு.

5. முதல் ராத்திரி டென்வர்லயே

வண்டி வாங்கின கையோட மலையேறாதீங்க. வண்டி ஒப்படைச்சு விளக்கம் சொல்லி முடிக்கவே மதியம் ஆயிடும், சாமான் வாங்கி அடுக்க சாயங்காலம். செரி க்ரீக் ஸ்டேட் பார்க் ஊருக்குள்ளயே இருக்கு, முழு கனெக்‌ஷன் கிடைக்கும், அங்க தங்குங்க. ஏதாவது வேலை செய்யலன்னா மறுநாள் காலைல கம்பெனிக்கே திரும்பிப் போய் மாத்திக்கலாம். 300 மைல் தள்ளி ஹீட்டர் வேலை செய்யலன்னு தெரிஞ்சா யார்கிட்ட அழுறது?

இன்னொரு காரணம் உடம்பு. டென்வரே 5,280 அடி. அங்க ஒரு ராத்திரி, முடிஞ்சா ரெண்டு ராத்திரி படுத்துட்டு மேல போனா தலைவலி குறையும். 8,000 அடிக்கு மேல தூக்கம் வராது, மூச்சு வாங்கும், உதடு வெடிக்கும். தண்ணி நிறைய குடிங்க, முதல் ரெண்டு நாள் மலையேத்தம் வேண்டாம். பிரஷர், இதய மாத்திரை சாப்பிடுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எவ்வளவு உயரத்துல தூங்கப் போறோம்னு நம்பரோட சொல்லிக் கேளுங்க. அங்க தலைவலி கூடிக்கிட்டே போய் வாந்தியும் சேந்தா மாத்திரை தேடாதீங்க, கீழ இறங்குங்க.

மாத்திரை 90 நாளுக்கு வாங்கி வச்சுக்கோங்க. ஒரிஜினல் மெடிகேர் (65 தாண்டினவங்களுக்கு அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்) நாடு முழுக்க செல்லும், ஆனா அதையே தனியார் கம்பெனி வழியா எடுக்கிற அட்வான்டேஜ் பிளான்ல இருக்கிறவங்க உங்க நெட்வொர்க் வயோமிங்ல இருக்கான்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுடுங்க.

அன்னைக்கு சாயங்காலம் காலி பார்க்கிங் எங்கயாவது அரை மணி நேரம் பழகுங்க, ரெண்டு பேரும். பின் சக்கரத்துக்குப் பின்னாடி வண்டி நிறைய நீட்டிக்கிட்டு இருக்கும், நீங்க வலது பக்கம் திரும்பினா வால் இடது பக்கம் வீசும். பெட்ரோல் பங்க்ல கம்பத்துல இடிக்கிறது முக்கால்வாசி இந்த வால்தான். வண்டி உயரத்தை ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் முன்னாடி ஒட்டிடுங்க.

6. ஏத்தம் பயம் இல்ல, இறக்கம்தான்

இந்த ஒரு பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிங்க. ஏறும்போது வண்டி முனகும், மெதுவா போகும், பின்னாடி ஹார்ன் அடிப்பாங்க, அவ்வளவுதான். வலது ஓரமா போங்க, ஹசார்டு லைட் போட்டுக்கோங்க. உயரம் போகப் போக காத்து லேசாகி இன்ஜின் பலம் குறையும், 1,000 அடிக்கு 3 சதவீதம்னு ஒரு கணக்கு, அதனால 11,000 அடில மூணுல ஒரு பங்கு காணாம போயிருக்கும். ஜெனரேட்டருக்கும் இதே கதிதான்.

இறங்கும்போது தெரியாதவங்க பண்ற தப்பு, பிரேக்கை மிதிச்ச கால எடுக்காம வர்றது. ஐ-70ல ஐசன்ஹோவர் டன்னல் 11,158 அடில இருக்கு, அதைத் தாண்டினதும் சில்வர்தோர்ன் வரைக்கும் நேரா இறக்கம்தான். முதல் தடவ எங்க வீட்டுக்காரரு அங்க கார் மாதிரியே ஓட்டிட்டு வந்தாரு, பாதில ரப்பர் கருகுற வாசனை. "ஏங்க, அடுப்புல ஏதாவது விட்டுட்டோமா"ன்னு நான் பின்னாடி திரும்பிப் பாக்குறேன், கருகுனது பிரேக்கு. சூடு ஏறிப்போச்சுன்னா மிதிச்சாலும் பிடிக்காது, அதுக்குத்தான் லாரிங்க தப்பிக்க ஓரத்துல மணல் மேடு பாதை போட்டு வச்சிருக்காங்க.

சரியான வரிசை இது. உச்சிலயே, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, வேகத்தைக் குறைச்சு டோ ஹால் பட்டனை (இறக்கத்துல இன்ஜினையே வண்டியப் பிடிக்க வைக்கிற பட்டன்) அழுத்தி கீழ் கியருக்கு வாங்க. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டுச்சோ அதுவே இறங்கவும். இன்ஜின் சத்தம் போடும், போடட்டும், அதுதான் வண்டியப் பிடிச்சு வச்சிருக்கு. 45 தாண்ட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா, 45 வந்ததும் பிரேக்கை நல்லா அழுத்தி 40க்குக் கொண்டு வந்துட்டு முழுசா கால எடுங்க, மறுபடி 45 ஏறினதும் அதே மாதிரி. நடுவுல கிடைக்கிற நேரத்துல பிரேக் ஆறும். இறக்கத்துல பாதில கியர் மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, அதுக்குள்ள வேகம் கைய மீறியிருக்கும்.

ஓட்டுறத மதியம் ரெண்டு மணிக்குள்ள முடிச்சுக்கோங்க, இடி, காத்து, அசதி மூணும் அதுக்கு மேலதான் வரும். டேங்க் பாதி ஆனதுமே பெட்ரோல் போடுங்க. யூட்டால கிரீன் ரிவர்ல இருந்து சலைனா வரைக்கும் ஐ-70ல 100 மைலுக்கு மேல பங்க்கும் கிடையாது, கடையும் கிடையாது. நம்ம ரூட்டு அதுக்கு முன்னாடியே திரும்பிடுது, ஆனா வழி மாத்தினீங்கன்னா மனசுல இருக்கட்டும்.

7. கேம்ப்ல நிறுத்துற வரிசை

ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருத்தர் கீழ இறங்கி நின்னே ஆகணும். கத்தி சொல்லாதீங்க, சண்டை வரும். போன்ல கால் போட்டு ஸ்பீக்கர்ல பேசுங்க, "வா வா"ன்னு சொல்லாம "டிரைவர் பக்கம் ரெண்டு அடி"ன்னு சொல்லுங்க. கண்ணாடில நான் தெரியலன்னா உடனே நிறுத்தணும்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம். மேல மரக்கிளையையும் பாருங்க, எல்லாரும் தரையையே பாப்பாங்க.

நிறுத்தினதும் மட்டம், அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம் கரண்டு, அப்புறம் தண்ணி, கடைசியா ஸ்லைடு (பட்டன் அழுத்தினா சுவரோட வெளிய நீளுற பகுதி). மட்டம் இல்லாம கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ் சரியா குளிராது. கரண்டு பெட்டில பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டுத்தான் பிளக் சொருகணும், இல்லன்னா பொறி பறக்கும். நடுவுல ஒரு சர்ஜ் புரொடெக்டர் போடுங்க. 30 ஆம்ப்னா மொத்தம் 3,600 வாட், ஏசி, மைக்ரோவேவ், கெட்டில் மூணையும் சேத்து போட்டா பொட்டுன்னு போயிடும்.

தண்ணிக் குழாய்ல பிரஷர் ரெகுலேட்டர் இல்லாம மாட்டாதீங்க, சில கேம்ப்ல வர்ற வேகத்துக்கு உள்ள பைப் வெடிச்சிடும். யெல்லோஸ்டோன்ல ராத்திரி உறையுற குளிர்னா ஹோஸைக் கழட்டி தண்ணிய வடிச்சு உள்ள வச்சுட்டு டேங்க் தண்ணியப் பயன்படுத்துங்க. மோவாப் பக்கத்துல டெட் ஹார்ஸ் பாயின்ட் ஸ்டேட் பார்க் போறவங்க ஊர்லயே தண்ணி நிரப்பிக்கிட்டுப் போங்க, மேல இருக்கிற தண்ணியே லாரில வர்றது.

கேம்ப்ல இருந்து வெளிய போகும்போது வெளிப்பந்தலை சுருட்டிடுங்க, "இந்தா வந்துடுவோம்"னு விட்டுட்டுப் போய், வந்து பாத்தா எங்களது ரெண்டா கிழிஞ்சு தொங்குச்சு.

8. டேங்க் காலி பண்றது

இதுக்குத்தான் எல்லாரும் முகம் சுளிப்பாங்க, ஆனா பத்து நிமிஷ வேலை. பிளாக் டேங்க்னா டாய்லெட் கழிவு, கிரே டேங்க்னா குளிச்ச, பாத்திரம் கழுவுன தண்ணி.

கேம்ப்ல குழாய் மாட்டியிருந்தாலும் பிளாக் வால்வை மூடியே வைங்க. திறந்து வச்சா தண்ணி மட்டும் ஓடிடும், மத்தது அடில காஞ்சு மலையா நிக்கும். முக்கால் டேங்க் ஆனதும் கையுறை போட்டு, ஹோஸ் ரெண்டு முனையும் இறுகியிருக்கான்னு இழுத்துப் பாத்துட்டு, முதல்ல பிளாக், அது முழுசா முடிஞ்சு வால்வை மூடினதுக்கு அப்புறம் கிரே. சோப்புத் தண்ணி பின்னாடி வந்து ஹோஸைக் கழுவிக் குடுக்கும், அதுக்காகத்தான் இந்த வரிசை. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இழுத்துப் பாக்காம வால்வைத் திறந்தாரு, அந்த செருப்பை அங்கயே போட்டுட்டு வந்தாரு.

காலி பண்ணின உடனே டாய்லெட்ல ரெண்டு மூணு கேலன் தண்ணியும் மருந்தும் ஊத்தி வைங்க. ஆர்விக்குன்னு விக்கிற பேப்பர்தான் போடணும்.

9. சமையல்

8,000 அடில தண்ணி 92 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும். அதனால பானைல வச்ச பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் கல்லாட்டம் இருக்கும், சாதமும் நடுவுல அரிசியா நிக்கும். குக்கர் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, வழக்கத்தை விட ரெண்டு விசில் கூட வைங்க. மாவு ராத்திரி குளிர்ல பொங்காது, டென்வர்லயே புளிக்க வச்சு எடுத்துக்கோங்க.

சாம்பார், எண்ணெய்த் தட்டை பேப்பரால துடைச்சுட்டு கழுவுங்க, கிரே டேங்க்ல மிளகாப்பொடியும் எண்ணெயும் சேந்தா வர்ற நாத்தம் பிளாக் டேங்க்கையே தோக்கடிச்சிடும். வெளிய சமைச்சா சட்டி, குப்பை, ஐஸ் பெட்டி எதையும் வெளிய விடாதீங்க, கரடிக்கு மூக்கு ரொம்ப கூர்மை. கரடி, ஓநாய்க்கு 100 கஜம், பைசன் மாதிரி மத்ததுக்கு 25 கஜம் தள்ளி நிக்கணும்னு பார்க் விதி. பைசன் எருமை மாதிரி சாதுவா நிக்குதுன்னு செல்ஃபி எடுக்கப் போகாதீங்க, அது நம்மள விட வேகமா ஓடும்.

10. திரும்பி வர்ற காத்து, கடைசி நாள்

ராலின்ஸ்ல இருந்து லாரமி வரைக்கும், எல்க் மவுண்டன் பக்கத்துல, ஐ-80ல அடிக்கிற காத்து சும்மா இல்ல, உயரமான லேசான வண்டிய விடாம ரோட்டையே மூடுவாங்க. நம்ம வண்டி அந்த ரகம்தான். காலைல கிளம்புறதுக்கு முன்னாடி ரோடு நிலவரம் சொல்ற 511 நம்பருக்கு அடிச்சுப் பாருங்க. மூடலன்னாலும் காத்து பலமா இருக்குன்னு போட்டிருந்தா ராலின்ஸ்ல ஒரு ராத்திரி தங்கிடுங்க, விடியக்காலைல ஓரளவு அடங்கும். இதுக்காகவே கடைசில ஒரு நாள் சும்மா விட்டு வைங்க, ஃபிளைட் டிக்கெட்டை வண்டி ஒப்படைக்கிற அன்னைக்கே போடாதீங்க.

ஒப்படைக்கிறதுக்கு முந்தின ராத்திரி திரும்ப செரி க்ரீக். ரெண்டு டேங்க்கும் காலி பண்ணி, பெட்ரோலும் ப்ரொபேனும் நிரப்பி, மறுபடி வீடியோ. பரண்ல, கட்டிலுக்கு அடில, ஃப்ரீசர்ல கை விட்டுத் துழாவிப் பாருங்க. போன தடவ ரெண்டு டப்பா தேங்கா துருவலும் அவரோட ரீடிங் கிளாஸும் ஃப்ரீசருக்குள்ளதான் இருந்துச்சு, கண்ணாடி எப்படி அங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறாரு.